பழைய காரின் புகை: குற்றம் வயதிலா, பராமரிப்பிலா?

கிள்ளான் பள்ளத்தாக்கின் கார் பட்டறைகளில் புரோட்டோன் வீராவுக்கும் சத்ரியா ஜிடிஐக்கும் இன்னும் மவுசு குறையவில்லை. 1990களின் இறுதியில் வந்த சத்ரியா ஜிடிஐ, 1.8 லிட்டர் இன்ஜினும் லோட்டஸ் நிறுவனத்தின் கைவண்ணமும் கொண்டது. இத்தகைய கார்களை மூன்றாம், நான்காம் கையாக வாங்கும் இளைஞர்களில் சிலர், ஜப்பானிலிருந்து ‘ஹாஃப் கட்’டாக வரும் டர்போ இன்ஜினையும் பொருத்திக்கொள்கிறார்கள்.

அந்த இன்ஜினை முறையாகப் பதிவு செய்யப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். புகையும் அங்கே அளக்கப்படும். பதிவு செய்யாமலே ஓட்டினால், விபத்து நேரும்போது காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

வாகனப் புகைக்கான விதிமுறைகள் மலேசியாவில் 1996 முதல் நடப்பில் உள்ளன. பெட்ரோல் கார்களில் கார்பன் மோனாக்சைடும் எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசல் வாகனங்களில் புகையின் அடர்த்தி பார்க்கப்படுகிறது. ஆனால், லாரிக்கும் பேருந்துக்கும் 6 மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம் என்றிருக்க, சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை இல்லை. அதனால் ஒரு கார் பல ஆண்டுகள் என்ன புகையைக் கக்குகிறது என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

பழைய கார் தோற்பதற்கு முதல் காரணம், பெரும்பாலும் அதிலிருந்து கழற்றப்பட்ட பொருள்தான். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் உள்ளன. ‘கார் இன்னும் வேகமாகப் போகும்’ என்று அதைக் கழற்றி விற்றுவிட்டு, வெறும் குழாயைப் பொருத்திவிடுகிறார்கள். விற்ற காசு முந்தைய உரிமையாளருக்கு. புதிதாக வாங்கிப் பொருத்தும் செலவு, காரை வாங்கியவர் தலையில்.

இரவல் கன்வெர்ட்டரைப் பொருத்தி, சோதனை முடிந்ததும் கழற்றிக் கொடுப்பது சிலர் கையாளும் குறுக்கு வழி. சான்று கிடைக்கலாம், கோளாறு அப்படியே இருக்கும். மேலும், உள்ளே நோயுள்ள இன்ஜினைக் கன்வெர்ட்டரால் மட்டும் காப்பாற்ற முடியாது. கார்பன் மோனாக்சைடு அதிகமென்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் செல்கிறது. ஆக்சிஜன் சென்சர் பழுதாகியிருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். ஹைட்ரோகார்பன் அதிகமென்றால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக்கையும் அதன் கம்பிகளையும் பார்க்க வேண்டும். நீலப் புகை, இன்ஜின் எண்ணெய் எரிவதன் அடையாளம். இவற்றைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெட்டுவிடும்.

ஆகவே எண்ணெய், பிளக், வடிகட்டி, சென்சர், புகைக்குழாய்க் கசிவு என்று முடித்துவிட்டு, கடைசியில் கன்வெர்ட்டருக்கு வருவதே செலவைக் குறைக்கும் வரிசை. கன்வெர்ட்டர் நன்கு சூடான பிறகே வேலை செய்யும் என்பதால், சோதனைக்கு முன் காரைச் சிறிது தூரம் ஓட்டிச் செல்வதும் அவசியம்.

இது கார் பிரியர்களின் கவலை மட்டுமன்று. 2009 அக்டோபரில், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் சாலை வரி புதுப்பிக்கக் கட்டாயப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று அரசு அறிவித்தது. மக்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2025 ஜூலையில் டில்லியிலும் இதே கதைதான். 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கு எரிபொருள் இல்லை என்ற தடை, தொடங்கிய வேகத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது.

இரு இடங்களிலும் வாகனத்தின் வயதே அளவுகோலாக இருந்தது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்கு வரும் குடும்பத்திற்குப் பழைய கார்தான் கால். நன்றாகப் பராமரிக்கப்பட்ட 20 ஆண்டு வீரா, கன்வெர்ட்டர் கழற்றப்பட்ட 8 ஆண்டுக் காரைவிடச் சுத்தமாக ஓட முடியும். வயதைப் பார்க்கும் விதி முதல் காரையே தண்டிக்கும். புகையை அளக்கும் விதி இரண்டாவதைப் பிடிக்கும்.

வாகனப் பரிசோதனையில் புஸ்பாகோமின் ஏகபோக உரிமை 2024 ஆகஸ்டுடன் முடிந்து, பிற நிறுவனங்களுக்கும் வழி திறந்துள்ளது. குறைந்த கட்டணத்தில், தண்டனை பயமின்றி, யாரும் எப்போதும் புகையை அளந்து பார்க்கும் வசதியை இந்தப் போட்டி கொண்டு வந்தால் சாமானியருக்கு நன்மை. அதுவரை பழைய கார் வாங்குவோர், பணம் கொடுக்கும் முன் காரை மேலே தூக்கி, கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.