வந்துபோன முகம்

சீவலப்பேரி சுடலைமாடசாமி கோயில் கொடைக்கு மலேசியாவிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். பாட்டனார் காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய குடும்பம். சிற்றாறு தாமிரபரணியில் விழும் இடத்தில் காலை நனைத்துக்கொண்டு நின்றவர், "இங்க எல்லாரும் அஞ்சு மணிக்குத்தான் எழும்புறாங்கண்ணே. அந்த நேரத்துக்கு நான் ரெண்டு நாட்டு கேட்டையும் தாண்டியிருப்பேன்" என்றார்.

வீடு ஜொகூர் பாருவில், வேலை சிங்கப்பூரில். நடுவே 1924-ல் திறந்த, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலம். இதையும் 1998-ல் வந்த இரண்டாம் பாலத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் எல்லை கடக்கிறார்கள். பைக்கில் போகிறவருக்கு மழைநாள்தான் சோதனை. கையுறையைக் கழற்றி, ஈர விரலைச் சட்டைக்குள் விட்டுத் துடைத்து, கருவியில் வைக்க வேண்டும்; ரேகை பதியாவிட்டால் மறுபடி. பின்னால் ஹார்ன்.

2024 மார்ச் 19 முதல் சிங்கப்பூர் தன் தரைவழிச் சாவடிகளில் காரில் வருவோருக்குக் கடவுச்சீட்டுக்குப் பதில் கியூஆர் குறியீட்டை ஏற்கத் தொடங்கியது. பிறகு மற்ற வாகனங்களுக்கும் வந்தது. ஒரே குறியீட்டில் 10 பேர் வரை சேர்ந்துகொள்ளலாம். நாலு பேர் வரும் காருக்குச் சுமார் 20 விநாடி மிச்சம் என்பது அங்குள்ள அதிகாரிகளின் கணக்கு. இருபது விநாடிக்கா இவ்வளவு ஆரவாரம் என்று தோன்றும். ஒரே தடத்தில் 180 கார் நின்றால், கடைசிக் காருக்கு அது ஒரு மணி நேரம்.

எனக்குப் பிடித்தது வேகமல்ல, அதிலுள்ள ஒரு விதி. முதல்முறை வரும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டியாக வேண்டும். அதே கடவுச்சீட்டோடு அடுத்த முறை வந்தால் குறியீடு போதும். விண்ணப்பம் கிடையாது, நேர்காணல் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஒழுங்காக வந்துபோனதே நற்சான்று.

அமெரிக்க–கனடா எல்லையில் நடைமுறை வேறு. விரைவு வரிசையில் போக உதவும் நெக்ஸஸ் அட்டைக்கு இரு நாட்டு அதிகாரிகளும் ஆளைத் துருவி விசாரிப்பார்கள். 2024 அக்டோபரில் கட்டணம் 50 டாலரிலிருந்து 120 டாலராக ஏறியது. டொரான்டோவிலிருந்து பஃபலோவுக்குக் காரில் போகும் தமிழ்க் குடும்பத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரிடமும் அட்டை இருந்து, உடன் வரும் பாட்டியிடம் மட்டும் இல்லையென்றால், மொத்தக் காரும் பொது வரிசைக்குத்தான் போக வேண்டும். சொல்லாமல் எடுத்துப்போன ஒரு பழத்தால் உறுப்பினர் தகுதியே பறிபோகலாம். நம்பகமானவர் என்று பட்டம் கொடுத்துவிட்டு, அதைப் பிடுங்கக் கையை ஓங்கியபடியே நிற்கும் ஏற்பாடு அது.

இந்தியா இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. விரைவுக் குடியேற்ற நம்பகப் பயணி திட்டம் 2024 ஜூன் 22-ல் டெல்லி விமான நிலையத்தில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஏழு நிலையங்களுக்கும், செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஐந்துக்கும் விரிந்தது. இந்தியக் குடிமக்களும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை உள்ளவர்களும் சேரலாம். கட்டணம் இல்லை, அதற்காக அரசைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் விண்ணப்பம் போட வேண்டும், சரிபார்ப்பு முடிய வேண்டும், விமான நிலையத்திலோ வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ விரலும் முகமும் பதிய வேண்டும்.

என் கேள்வி இதுதான்: திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் பத்து விரலையும் முன்பே வாங்கிவிட்டார்கள், காவல் நிலையத்திலிருந்து வந்து அக்கம்பக்கம் விசாரித்தும் போனார்கள். அதே அரசிடம் இன்னொரு முறை நான் நம்பகமானவன் என்று எழுதிக் கொடுப்பது எதற்கு? சில்லு பதித்த கடவுச்சீட்டும் வந்துவிட்டது. ஒருமுறை போய்த் திரும்பியவரை இயந்திரவாயில் தானாகவே விட்டுவிடலாம். வங்கதேச எல்லையிலுள்ள பெட்ராபோல் போன்ற தரைத் துறைமுகங்களில்தான் இது முதலில் வேண்டும். ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவது தரை எல்லையில்தான்.

யாரை நம்பி எல்லை கடக்க விடுவது என்ற கேள்வி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சீவலப்பேரிக்குக் கிழக்கே தட்டப்பாறையில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கை அரசு நடத்திய முகாம் இருந்தது. தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைக் கொள்ளைநோய்க்கு அஞ்சி அங்கே அடைத்துவைத்துப் பார்த்த பிறகே தூத்துக்குடிக் கப்பலுக்கு விட்டார்கள். அந்தக் காலத்துத் தொழிலாளர் கழுத்தில் தகர வில்லை தொங்கும். மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதில் குத்தப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் காசு கேட்க மாட்டார்கள். செலவு பிறகு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அந்த வில்லைக்குக் கிடைத்த மரியாதை தோட்டத்துரையின் பணத்துக்கு. கழுத்துக்குரியவனுக்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை. இன்றைக்கும் பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டு பெரும்பாலும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையில் சேர்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அவருக்குத் தனி அனுமதி வேண்டும். ஏமாறாமல் காக்கத்தான் அந்த ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து விலக்குக்குத் தகுதி பெற்றவரும், அந்த முத்திரையை நீக்க விண்ணப்பம் போட வேண்டுமா?

தம்பியின் சித்தப்பா மகன் துபாயில் கம்பி கட்டுகிறவர்; கொடைக்கு அவரும் வந்திருந்தார். நம்பகப் பயணி திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "அது பிளேன்ல முன்சீட்டுல போறவங்களுக்குல்லா அண்ணாச்சி" என்றார். இல்லையப்பா, ஓசிதான் என்று சொல்லி, கைப்பேசியில் விண்ணப்பத்தைத் திறந்து, அவருடைய கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். காலாவதியாக நாலு மாதம்தான் இருந்தது. குறைந்தது ஆறு மாதம் வேண்டும்.