பெருமூச்சுப் பாலத்தின் கீழ் ஒரு செல்ஃபி

நம் ஆட்கள் ஜோடியாக வெனிஸ் போய்வந்து எழுதும் கட்டுரைகளை அடுக்கி வைத்தால், எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் எழுதினார் என்று சத்தியம் செய்யலாம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தண்ணீர். 'கனவுபோல இருந்தது.' கொண்டோலா. ரியால்டோ பாலம். சான் மார்க்கோ சதுக்கத்தில் புறாக்கள், கொள்ளை விலையில் ஒரு காப்பி. மனைவி சிரிக்கிறார், கணவர் படம் எடுக்கிறார். கடைசிப் பத்தியில், 'மூழ்கிக்கொண்டிருக்கும் இந்த நகரத்தை அதற்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்' என்று ஓர் அறிவுரை. இதைப் போய்ப் பயண இலக்கியம் என்கிறார்கள். அதில்தான் எனக்குத் தகராறு.

பின்னணிதான் வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் எதற்கு? கோலாலம்பூரிலிருந்து சில மணி நேரத்தில் மக்காவ் போய்விடலாம். அங்கே 2007இல் திறந்த வெனிஷியன் சூதாட்ட விடுதிக்குள் கால்வாய் இருக்கிறது, கொண்டோலா இருக்கிறது, பாடிக்கொண்டே துடுப்புப் போடும் ஆளும் இருக்கிறார். கூரையில் வானத்தை வரைந்துவிட்டதால் மழைத் தொல்லையும் இல்லை. நம் கட்டுரைகளில் 'வெனிஸ்' என்பதை எடுத்துவிட்டு 'மக்காவ்' என்று போட்டுப் பாருங்கள். ஓரிரண்டு இடப்பெயர்கள் இடிக்கும், அவ்வளவுதான். மற்ற வரியெல்லாம் அப்படியே பொருந்தும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வெனிஸில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அதாவது, இன்னும் கொஞ்சப் பேர் குடியிருக்கிறார்கள். 1951இல் அந்தப் பழைய தீவு நகரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் இருந்தார்கள். 2022இல் அது 50,000க்குக் கீழே போனது. அடுத்த வருடமே சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. சான் பார்த்தோலோமியோ சதுக்கத்தில் உள்ள ஒரு மருந்துக் கடை, மிச்சமிருக்கும் மக்கள்தொகையை மின்பலகையில் காட்டுகிறது. ரியால்டோ பாலத்திலிருந்து அது கூப்பிடு தூரம். பாலத்தில் நூறு படம் எடுத்தவர்கள் அந்தப் பலகையை ஒரு படம் எடுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

பெருமூச்சுப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். சூரியன் மறையும்போது அதன்கீழ் கொண்டோலாவில் முத்தமிட்டுக்கொண்டால் காதல் நிலைக்குமாம். அதைப் பரப்பியது 1979இல் வந்த ஒரு ஹாலிவுட் படம். பாலம் உண்மையில் விசாரணை மண்டபத்தையும் சிறைச்சாலையையும் இணைப்பது. கைதிகள் கடைசியாக வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு விடும் பெருமூச்சு என்றுதான் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். முத்தமிடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? எழுதும்போதாவது தலைக்கு மேலே இருப்பது என்ன என்று ஒரு வரி எழுதக்கூடாதா?

அடுத்தது அந்த 'மூழ்கும் நகரம்'. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மண் இயக்கவியலும் அடித்தளமும் படித்துவிட்டு வந்த எஞ்சினியர். இந்தச் சோகக் கவிதையைக் கேட்டாலே எரிச்சல் வரும். வெனிஸ் சேற்றில் அடித்த மரக்கழிகளின்மேல் நிற்கிறது. சாலூத்தே தேவாலயத்தின் கீழே மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். சேற்றுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் மரம் அவ்வளவு சீக்கிரம் மக்குவதில்லை. நம் ஊரிலும் சதுப்பு மண்ணில் பாக்காவ் கழிகளை அடித்துத்தான் கட்டினார்கள். இது நமக்குத் தெரிந்த வித்தை.

நகரம் தாழ்ந்ததற்கு விதி மட்டும் காரணமில்லை. எதிர்க்கரையில் உள்ள மார்கேரா தொழிற்பேட்டைக்காகப் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். நிலம் அமுங்கியது. 1970களில் நிறுத்திய பிறகே அது அடங்கியது. இப்போது கடல் உயர்கிறது. அதைத் தடுக்க மூன்று முகத்துவாரங்களில் 78 கதவுகள் கொண்ட மோசே தடுப்பைக் கட்டினார்கள். 2003இல் தொடங்கிய வேலை. நடுவில் 2014இல் ஊழல் வழக்கு, கைதுகள். 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் வெள்ளம் வந்தபோதும் அது இயங்கவில்லை. முதன்முதலில் வெள்ளத்தைத் தடுத்தது 2020 அக்டோபர் 3இல்தான். 'மூழ்குகிறது' என்ற ஒரே சொல்லில் பம்பு வைத்தவன், லஞ்சம் வாங்கியவன், இரவு பகலாகக் கதவு கட்டியவன் எல்லாரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை தங்குமிடம். வெனிஸில் அறை வாடகை கட்டுப்படியாகாது என்பதால் பலர் மெஸ்ட்ரேயில் தங்குகிறார்கள். ரயிலில் பத்து நிமிடம். வீட்டு வாடகை தாங்காமல் வெனிஸை விட்டு வந்தவர்கள் பலர் குடியேறியதும் அங்கேதான். மார்கேராவின் கப்பல் கட்டும் தளத்திலும் உணவகச் சமையற்கட்டுகளிலும் உழைக்கும் வங்கதேசத்தவர்கள் வாழ்வதும் அங்கேதான். அமிதவ் கோஷ் 'கன் ஐலண்ட்' நாவலில் (2019) வங்காளிகளின் வெனிஸை எழுதினார். நம் ஜோடிகள் அந்தக் கதைக்கு நடுவிலேயே இரண்டு இரவு தூங்கி எழுந்து, 'ஹோட்டல் சுமார், ஆனால் ஸ்டேஷன் பக்கம்' என்று முடித்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் என்னவென்று தினமும் பார்க்கும் மலேசியத் தமிழனுக்கு இது கண்ணில் படாமல் போவது எப்படி?

'ஹனிமூன் போனவன்கிட்ட போய் சமூகவியல் கேக்குறியே, கொஞ்சம் ஓவரா இல்ல?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். சந்தோஷமாக இருக்கப் போனவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும். ஆல்பம் போடட்டும், நானும் லைக் போடுகிறேன். போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் பலருக்குச் சோறு போடுவதே சுற்றுலாதான். நான் பேசுவது அதை இலக்கியம் என்று அச்சேற்றி, நம்மிடம் வாசிக்கக் கொடுப்பவர்களைப் பற்றி மட்டும். அங்கே உங்களுக்கு முன்வரிசை இருக்கை கிடைக்காது. உங்கள் ஊர் ஆற்றங்கரையில் யாரோ ஒருவர் இப்படி நடந்துபோய், 'கனவுபோல இருந்தது' என்று எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

2024இல் வெனிஸ் நகராட்சி, சில குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஒரு நகரத்துக்கு டிக்கெட்! குடியிருப்பவர்கள் சிலர், 'எங்கள் ஊர் என்ன தீம் பார்க்கா?' என்று தெருவில் இறங்கிக் கத்தினார்கள். அந்தக் கேள்வி நகராட்சிக்கு மட்டும் கேட்டது அல்ல. எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். மக்காவ் என்று மாற்றிப் போட்டால் தப்பாகிவிடும் பத்து வரியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.