உயில் எழுதினால் போதுமா?



அடக்கச் சடங்கு முடிந்து, ஏழாம் நாள் மன்றாட்டும் நிறைவுற்ற பின்னர், பங்குத்தந்தையின் இல்லத்தை நாடிச் சிலர் வருவதுண்டு. கையில் பழைய காகித உறை ஒன்று இருக்கும். "சாமி, அப்பா உயில் எழுதி வைத்திருக்கிறார். இதை எங்கே கொண்டு போய்க் கொடுப்பது?" என்று வினவுவர். சொத்தைப் பிரித்துத் தருமாறு வேண்டிய ஒருவனுக்கு நடுவராயிருக்க நம் ஆண்டவரே மறுத்ததை லூக்கா நற்செய்தி பன்னிரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர் ஏற்காத பொறுப்பை நாம் ஏற்பது முறையன்று. ஆயினும் வழி கேட்போருக்கு வழி காட்டுவது நம் கடமை. ஆகவே இத்திங்கள் உயிலைப் பற்றிச் சிந்திப்போம்.

நம்மவர்க்கு உரியது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சிய இரண்டு பங்கு மக்கள் அனைவருக்கும் சமமாகவும் சேரும். மனைவி இறந்தால் கணவனுக்கும் இதே முறைதான். மகன், மகள் என்னும் வேறுபாடு இச்சட்டத்தில் இல்லை. "நகை போட்டுக் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பங்கேது?" என்று கேட்போர் நம் பங்குகளில் இன்றும் உளர். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. கேரளத்தின் திருவிதாங்கூர்ப் பகுதியில் பழைய சட்டமொன்றால் பங்கு குறைக்கப்பட்டிருந்த கிறிஸ்தவப் பெண்களுக்கும், மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986ஆம் ஆண்டு இவ்வுரிமையை உறுதி செய்தது.

இந்தப் பங்கீட்டினின்றும் மாறுபட விரும்புவோரே உயில் எழுதுகின்றனர். அந்த உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தன் முத்திரையிட்டு வழங்கும் சான்றே 'புரொபேட்' எனப்படுவது. முன்னாளில் கிறிஸ்தவர் ஒருவரின் உயில், அவர் எங்கே எழுதியிருந்தாலும், இச்சான்று இன்றி நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட உதவாது. திருவரங்கத்தில் வாழும் இந்து அன்பர் ஒருவர், அங்குள்ள தம் வீட்டைப் பற்றி மட்டும் அவ்வூரிலேயே எழுதிய உயிலுக்கோ இக்கட்டாயம் இல்லை. அவருடைய உயிலில் சென்னை மாநகரிலுள்ள மனை ஒன்றும் சேர்ந்திருந்தால்தான் கட்டாயம். காவிரிக்கு அக்கரையில் ஒரு நீதி, இக்கரையில் ஒரு நீதி என்னும் இந்நிலை, 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால் இந்தியக் கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை நீங்கியது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் கட்டாயம் விதித்த அந்தப் பிரிவையே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

இனிக் கவலையில்லை என்று எண்ணிவிடலாகாது. நீங்கியது கட்டாயமே. உயில் மெய்யானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. உடன்பிறந்தாருள் ஒருவர் "இது அப்பாவின் கையொப்பமே அன்று" என்று கூறிவிட்டால், நீதிமன்றத்தின் படியேறத்தான் வேண்டும். அப்பொழுது என்ன நடைபெறும் என்பதை அறிந்துகொள்வது நன்று.

திருச்சிராப்பள்ளி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வாயிலாக மனுச் செய்தல் வேண்டும். உயிலை நிறைவேற்றுபவர் என்று உயிலிலேயே பெயர் குறிக்கப்பட்டவர்க்கு மட்டுமே புரொபேட் கிடைக்கும். அப்படி ஒருவரும் குறிக்கப்படாவிடில், உயிலை இணைத்து நிர்வாக உரிமை கேட்டுத்தான் விண்ணப்பிக்க இயலும். மரணம் நேர்ந்து ஏழு நாள் கழியுமுன் புரொபேட் வழங்கப்படமாட்டாது. உயிலின் அசல், மாநகராட்சி அல்லது உள்ளாட்சி அமைப்பு வழங்கிய இறப்புச் சான்றிதழ், சொத்துகளின் பட்டியலும் மதிப்பும், நெருங்கிய உறவினரின் பெயர்களும் முகவரிகளும் ஆகியவை தேவைப்படும். சாட்சிகளுள் ஒருவரேனும் கிடைப்பாராயின், மனுவில் அவருடைய உறுதிமொழியும் இடம்பெறல் வேண்டும். நம் கோவிலின் மரணப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும் போதாது என்பதை நினைவிற் கொள்க.

அதன்பின் உறவினருக்கு அறிவிப்பு அனுப்பப்படும். நாளிதழிலும் விளம்பரம் செய்வதுண்டு. எவரும் மறுப்புக் கூறாவிடில் சாட்சியை விசாரித்து நீதிமன்றம் சான்று வழங்கும். ஒருவர் மறுத்தாலோ மனு வழக்காக மாறிவிடும். அதன் பின்னர் ஆண்டுகள் பல உருண்டோடலாம். மேல்முறையீடு செய்ய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்ல நேரும். சான்று பெற்றவரும் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டிற்குள் கணக்கையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்.

இவ்வளவும் முடிந்தபின் நீதிமன்றம் சொல்வது ஒன்றே: இது இறந்தவரின் கடைசி உயில். சொத்து அவருக்கே சொந்தமாயிருந்ததா என்னும் வினாவிற்குப் புரொபேட் விடை கூறாது. திருவரங்கத்தில் அடிமனை கோவிலுக்குரியதா, குடியிருப்போருக்குரியதா என்னும் தகராறு நெடுங்காலமாக இருந்துவருவதை யாவரும் அறிவர். அத்தகைய மனையை ஒருவர் உயிலில் எழுதி, அதற்குப் புரொபேட்டும் பெற்றுவிட்டால் மனையின் தகராறு தீர்ந்ததாகாது. நமக்கு இல்லாத ஒன்றை நாம் எவர்க்கும் எழுதிவைத்தல் இயலாது.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். பொன்மலை ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மனைவியை இழந்தவர். மூன்று மகன்மாரும் வெளியூர்களில் இருக்க, திருமணமாகாத கடைசி மகள் ஒன்பது ஆண்டுகள் அவரைப் பேணினாள். நன்றி மறவாத தந்தை, வீட்டை அவளுக்கே உயிலாக எழுதினார். அருகில் வேறு ஒருவரும் இல்லாமையால், ஒரு சாட்சியாக அண்டை வீட்டாரும் மற்றொரு சாட்சியாக அம்மகளும் கையெழுத்திட்டனர். அந்த ஒரு கையெழுத்தே அவளுக்குப் பகையாயிற்று. உயிலால் நன்மை பெறுபவரோ, அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திட்டால் உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதிய கொடை செல்லாது என்பது நமக்குரிய சட்டத்தின் 67ஆம் பிரிவு. வீடு நான்கு பங்காயிற்று. அண்ணன்மார் இருவர் பெருந்தன்மையோடு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தனர். மூன்றாமவர் தம் பங்கைப் பணமாகக் கேட்டுப் பெற்றார். அதற்காக வாங்கிய கடனை அப்பெண் இன்றும் தவணையாகச் செலுத்தி வருகிறாள். தந்தையின் அன்பிற்குக் குறைவில்லை. சாட்சியாகக் கையெழுத்திட அடுத்த தெருவிலிருந்து ஒருவரை அழைத்திருந்தால் போதும்.

ஒருவர் திருமணம் செய்துகொண்டால், அதற்கு முன் அவர் எழுதிய உயில் செல்லாததாகிவிடும் என்பதும் நம்மவர்க்குரிய விதி. மனைவியை இழந்து மறுமணம் புரிவோர் இதனைக் கருத்திற்கொண்டு புதிய உயில் எழுதுதல் நலம்.

கோவிலுக்கும் அறப்பணிக்கும் எழுதிவைப்போருக்கும் ஒரு செய்தி. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் ஒருவர் அவ்வாறு எழுதினால், இறப்பதற்கு ஓராண்டேனும் முன்னர் எழுதியிருக்க வேண்டும் என்று 118ஆம் பிரிவு தடை விதித்திருந்தது. கேரளத்துக் குருவாகிய ஜான் வல்லமட்டம் அடிகளார் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென அறிவித்தது. இதில் மகிழ்ச்சியே. எனினும் பெற்ற பிள்ளைகளைத் தவிக்கவிட்டுக் கோவிலுக்கு எழுதுமாறு எந்தக் குருவும் எவரையும் தூண்டுதல் தகாது.

ஆகவே அன்பர்களே, உயிலை உடல்நலம் உள்ளபோதே எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். பயன் பெறாத இருவரை, கூடியவரை உங்களினும் இளையோரை, சாட்சிகளாக அழையுங்கள். அவர்கள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திடட்டும். நிறைவேற்றுபவரின் பெயரைத் தெளிவாகக் குறியுங்கள். பதிவு செய்வது கட்டாயமன்று; ஆயினும் பின்னர் ஐயம் எழாதிருக்கப் பெரிதும் உதவும். எல்லாவற்றிற்கும் மேலாக, என்ன எழுதினீர்கள், ஏன் அவ்வாறு எழுதினீர்கள் என்பதை மக்கள் அனைவரையும் ஒருங்கே அமர்த்தி வாய்விட்டுச் சொல்லுங்கள். உயிலில் கையொப்பம் உங்களுடையதுதானா என்று நீதிமன்றம் கண்டுபிடித்துவிடும். நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதை உங்களையன்றி வேறு எவரும் உங்கள் பிள்ளைகளுக்கு விளக்க இயலாது.