நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

விளம்பரங்களைத் திணிக்கும் மென்பொருளான ஆட்வேர், வீட்டுக் கணினிக்குள் பெரும்பாலும் அனுமதி வாங்கிக்கொண்டேதான் வருகிறது. இலவச வீடியோ பிளேயரையோ பிடிஎஃப் மாற்றியையோ நிறுவும்போது, ‘நெக்ஸ்ட்’ பொத்தானுக்கு மேலே ஏற்கெனவே டிக் போட்ட சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். அதைப் படிக்காமல் தாண்டினால் பிளேயரோடு ஒரு டூல்பாரும் புதிய தேடுபொறியும் சேர்ந்து வந்துவிடும். பெயர் பெற்ற தளம் என்பதாலும் நம்பிவிட முடியாது. திறமூல மென்பொருள்களின் தாய்வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ், 2013-இல் டெவ்ஷேர் என்ற பெயரில் இப்படிப்பட்ட இணைப்புகளைத் தொடங்கியது. 2015-இல் அங்கிருந்த ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் செட்டப்பிலும் விளம்பரச் சரக்கு ஏற்றியிருந்தது தெரிந்து பெரும் சண்டையானது. 2016-இல் தளம் கைமாறிய பிறகே டெவ்ஷேர் நிறுத்தப்பட்டது.

எதையும் நீக்கத் தொடங்கும் முன், வந்திருப்பது ஆட்வேர்தானா என்று பார்க்க வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் ‘வைரஸ் தாக்கியுள்ளது’ என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் செய்திகளில் பல, வெறும் பிரவுசர் நோட்டிஃபிகேஷன்கள். என்றோ ஒரு தளத்தில் ‘அலோ’ அழுத்தியதன் விளைவு. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினால் போதும். எந்த மென்பொருளும் வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து, நீக்கும் வழியைத் தேடும்போதுதான் தொடங்குகிறது. பதறிப்போனவர் இணையத்தில் தேட, முதலில் தென்படும் ‘இலவச கிளீனர்’ இன்னொரு ஆட்வேராக இருக்கலாம். திரை முழுவதும் எச்சரிக்கை காட்டி ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொன்னால், அது மோசடியேதான்; மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் தருவதில்லை. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியேறியோ டாஸ்க் மேனேஜர் வழியாகவோ பிரவுசரை மூடிவிடலாம். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க யாருக்கும் அனுமதி தரக் கூடாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் பக்கமும் போக வேண்டாம். அவை செய்யும் நன்மையைவிடக் கெடுதல் அதிகம்.

முதல் வேலை, படங்களையும் ஆவணங்களையும் பென்டிரைவிலோ வெளி ஹார்டுடிஸ்க்கிலோ நகலெடுப்பது. வேலை முடியும்வரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காமலிருப்பது நல்லது. பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுவப்பட்ட மென்பொருள்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்த அறியாத பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றை அன்இன்ஸ்டால் செய்யும்போதும் நிதானம் தேவை. ‘வைத்துக்கொள்’ என்பதைப் பெரிய பச்சைப் பொத்தானாகவும் ‘நீக்கு’ என்பதைச் சாம்பல் எழுத்திலும் காட்டுகிற கெட்டிக்காரர்கள் உண்டு.

அடுத்தது பிரவுசர். தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கி, தேடுபொறியையும் முகப்புப் பக்கத்தையும் சரிசெய்து, தேவையானால் ரீசெட் செய்யலாம். நீக்கிய எக்ஸ்டென்ஷன் மறுநாளே திரும்பி வந்தால், சிங்க் வழியாக இன்னொரு கணினியிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிரவுசர் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை அழிக்க வேண்டும். விண்டோஸின் பிராக்ஸி அமைப்பிலும் முன்பின் தெரியாத முகவரி இருக்கக் கூடாது. அலுவலகத்தோடு தொடர்பில்லாத வீட்டுக் கணினியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று குரோம் சொன்னால் சந்தேகப்படலாம். ஆனால் சில ஆன்டிவைரஸ்களாலும் அந்த வரி வருவதுண்டு.

ஸ்கேன் இதற்குப் பிறகுதான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே பெரும்பாலும் போதுமானது. முழு ஸ்கேனுக்குப் பின்னும் தொல்லை தீராவிட்டால், விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. வேண்டாத மென்பொருள்களைத் தடுக்கும் சுவிட்ச் 2020 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-இல் இருக்கிறது. அது ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணைக்கு ஒரு கருவி வேண்டுமென்றால் ஆட்வ்கிளீனர் நல்லது. 2016-இல் மால்வேர்பைட்ஸ் வாங்கிய இந்தக் கருவியை நிறுவாமலே இயக்கலாம். மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். அது காட்டும் பட்டியலைப் படித்துப் பார்த்து, குவாரன்டைனில் வைத்தால் தவறாகப் பிடிபட்டதை மீட்கலாம். குரோமுக்குள் இருந்த கிளீனர் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதைத் தேடச் சொல்லும் பழைய குறிப்புகளால் இனிப் பயனில்லை.

மென்பொருளை நீக்கியதும் எல்லாம் போய்விடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2014-இன் இறுதியில் லெனோவோ விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேர் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. பூட்டுச் சின்னம் போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருகுவதற்காக, விண்டோஸ் நம்பும் சான்றிதழ்களின் பட்டியலில் தன் சான்றிதழையும் அது சேர்த்துக்கொண்டது. அந்தச் சான்றிதழுக்கு எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரஹாம் என்ற ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தார்: கொமோடியா. அந்த நுட்பத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரேதான்! அதே வைஃபையில் இருக்கும் யாரும் வங்கித் தளம்போல நடிக்க வழி திறந்துவிட்டது. சூப்பர்ஃபிஷை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் சான்றிதழ் அப்படியே கிடந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருப்பதால் அங்கும் தனியே பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் லெனோவோ நீக்கும் கருவி வெளியிட்டது. டிஃபெண்டரும் சான்றிதழோடு சேர்த்து நீக்கக் கற்றுக்கொண்டது. சான்றிதழ் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு கைவைப்பது தவறு. பெயர் உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே நீக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் விளம்பரங்கள் முளைத்தால், விண்டோஸை ரீசெட் செய்வதே நேர மிச்சம். நகலெடுத்த கோப்புகளைத் திரும்ப வைக்கும்போது பழைய செட்டப் கோப்புகளைச் சேர்க்கக் கூடாது. மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களைச் சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மாற்றி, எல்லா இடங்களிலிருந்தும் லாக்அவுட் செய்துவிட வேண்டும்.