பறக்கத் தெரியும், பணத்துக்கு என்ன வழி?

இந்தியாவில் விமானிகளில் சுமார் 15 சதவீதம் பேர் பெண்கள். உலக சராசரி 5 சதவீதத்தை ஒட்டித்தான். அமெரிக்காவே இந்த விஷயத்தில் நமக்குப் பின்னால்தான் நிற்கிறது. படித்ததும் எனக்கும் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளத் தோன்றியது. ஆனால் அவர்களெல்லாம் எப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

துணிச்சலுக்கு இங்கே என்றும் பஞ்சமில்லை. 1936-லேயே சரளா தக்ரால் 21 வயதில், புடவையோடு ஜிப்ஸி மாத் விமானத்தில் ஏறி ஓட்டி உரிமம் வாங்கிவிட்டார். 1951-ல் உஷா சுந்தரம் தன் கணவரோடு சேர்ந்து, சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தார். சட்டதிட்டங்கள்தான் பின்தங்கியே வந்தன. ஏர் இந்தியா பணிப்பெண்களுக்கு முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. 1981-ல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை அதே தீர்ப்பு சரி என்றது! (குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நல்லதாம்...)

இன்று அப்படி எழுதி வைத்த தடை இல்லை. பணம்தான் தடை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து, 200 மணி நேரம் பறந்தால்தான் வணிக விமானி உரிமம். அதற்கான செலவு அரைக் கோடி ரூபாயைத் தொடுகிறது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக சொத்தை அடமானம் கேட்கும். அந்தச் சொத்து யார் பெயரில் இருக்கிறது? மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மகன் படிப்புக்கு வெளியே வரும் வீட்டுப் பத்திரம், மகள் கேட்டால் "அது உன் கல்யாணத்துக்கும்மா" என்று பீரோவுக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

ஆகவே அடமானம் இல்லாத கடனுக்கு அரசே ஜாமீன் நிற்கட்டும். வேலை கிடைத்தபின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். ரேபரேலிக்கு அருகில் மத்திய அரசின் விமானப் பயிற்சிக் கழகம் இருக்கிறது; அங்கே ஏழைப் பெண்களுக்குக் கட்டணமில்லாத இடங்கள் ஒதுக்கட்டும். "திறமைக்கு மதிப்பில்லையா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: நான் குறைக்கச் சொல்வது கட்டணத்தை, தேர்வின் தரத்தை இல்லை.

வேலைக்கு வந்தபின் இன்னொரு சிக்கல். 2017 சட்டத் திருத்தத்தால் 26 வாரப் பிரசவ விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் கிடைத்தன. நல்லதுதான். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விமானம் எடுக்க வேண்டிய அம்மாவுக்கு, ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் என்ன பயன்?

விமானத் துறையில் 2025-க்குள் 25 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. வெறும் ஆலோசனைதான், கட்டாயமில்லை. 2025-ம் முடிந்துவிட்டது. எந்த நிறுவனம் எத்தனை சதவீதத்தைத் தொட்டது என்று வருடா வருடம் பெயர் போட்டு வெளியிடச் சொன்னாலே, பாதிப் பேர் அலறியடித்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பார்கள்.