சத்திரமா கேட்டார்கள்?

தம்பி,

தஞ்சையிலிருந்து இராமேசுவரம் நோக்கிச் சென்ற பழைய பெருவழியிலே, நமது கந்தர்வக்கோட்டைக்கு அண்டையிலுள்ள ஒரத்தநாட்டில், சத்திரமொன்று நிற்கிறது. மராட்டிய மன்னர் சரபோஜி எழுப்பிய முத்தம்மாள் சத்திரம்! வழிநடந்து வந்தோரை வாவென்றழைத்துச் சோறிட்ட கூடம். சத்திரம் என்ற சொல்லுக்கு நம் சீமையில் அத்தனை மதிப்பு!

அச்சொல் 2025 மே மாதத்தில் டில்லியிலே வேறு தொனியில் ஒலித்தது. இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கைக் கேட்ட உச்சநீதிமன்ற அமர்வு, உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா தருமசத்திரமல்ல என்று வாய்மொழியாகக் குறிப்பிட்டது. அது தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு; அதன் சங்கதி வேறு. ஆயினும் அந்தச் சொல் அவர் ஒருவர்மீது மட்டும் விழவில்லை. நம் மாவட்டத்துத் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை முகாம்களின் கூரைகள்மீதும் விழுந்தது.

மன்றத்தை மதிக்கிறோம். மதிப்போடு கேட்கிறோம்: சத்திரமா கேட்டார்கள் அவர்கள்?

வரலாற்றைப் புரட்டிப் பார், தம்பி. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் வெள்ளையன் காலத்தில் கடல்கடந்து சென்றவர்கள், இலங்கையின் மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கினர். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கை அரசு ஒரு சட்டமியற்றி அவர்களை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வழக்காடினர். இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது கோடகன் பிள்ளை வழக்கு. 1953இல் அங்கும் தோல்வி!

பிறகு வந்தது 1964 அக்டோபர் 30. சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பமிட்டனர். 9,75,000 மனிதர்கள், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியென்று பிரித்துக்கொண்டனர். ஆட்டு மந்தையைக்கூட அவ்வளவு எளிதாகப் பங்கிடமாட்டார்கள்! காகிதத்தோடு கப்பலில் வரவேண்டியவர்களிற் சிலர், 1983 இனக்கொலைக்குப் பின்னர், உயிரை மட்டும் ஏந்திப் படகில் வந்தனர். ஈழத்து வடகிழக்கிலிருந்து வந்தோரும் அவர்களோடு முகாமில் ஒதுங்கினர்.

இனி ஒரு நாடகக் காட்சி:

"உன் தந்தை?"

"1964 ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு மனுக் கொடுத்தவர், ஐயா."

"நீ எப்படி வந்தாய்?"

"படகில்."

"பாஸ்போர்ட்?"

"வீடு எரிந்தது, ஐயா."

"அப்படியானால் நீ சட்டவிரோதக் குடியேறி! உனக்குக் குடியுரிமை கிடையாது!"

நான் புனைந்த காட்சிதான். ஆனால் கதை என்னுடையதல்ல, சட்டத்தினுடையது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இப்படித்தான் கதவடைத்தது. 2019இல் ஒரு சாளரம் திறந்தார்கள்: மூன்று நாடுகள், ஆறு மதங்கள். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை! 2025இல் ஒரு சலுகை தந்தார்கள்: 2015 சனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு. நன்று, வரவேற்போம். ஆனால் தண்டிக்கமாட்டேன் என்பது வேறு, நீ என் குடிமகன் என்பது வேறு அன்றோ? இலங்கையே 2003இல் தன் தவற்றைத் திருத்திக்கொள்ளச் சட்டமியற்றியபோது, இங்கே தயக்கம் ஏன்?

இருட்டிலும் சில விளக்குகள் எரிகின்றன. ஏற்றியவர்கள் வழக்கறிஞர்கள். நாட்டின் குடிமகனல்லாதவனுக்கும் உயிர்வாழும் உரிமை உண்டென்று, சக்மா அகதிகள் வழக்கிலே 1996இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. முகாம்வாசிகளின் குடியுரிமை மனுக்களை ஆராய்ந்து முடிவு செய்க என்று 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பணித்தது. மண்டபம் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்குமாறு 2022இல் அதே மன்றம் ஆணையிட்டது. எதைக் கொண்டு? 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்ற சட்டப் பிரிவைக் கொண்டு! அந்தப் பிரிவு 1983 முதல் முகாமில் பிறந்த குழந்தைகளுக்காகவும் ஏட்டில் காத்துக் கிடந்தது. எடுத்துச் சொல்ல ஆளில்லை. எழுதிக் கொடுக்கக் கையில்லை.

இங்கேதான், தம்பி, நமக்கு வேலை இருக்கிறது. மேடையில் முழங்க நானுண்டு, கைதட்ட நீயுண்டு. கைதட்டல் பிறப்புச் சான்றிதழ் ஆகாது! 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இனக்கொடுமைக்கு ஆளானோருக்கும் இலவச சட்ட உதவி உண்டென்கிறது. அவ்வுதவி முகாமின் வாயிலுக்கு வரட்டும். கருப்பு அங்கியணிந்த நம் வட்டத்து இளைஞர்கள், மாதம் ஒரு ஞாயிறு மூன்று முகாம்களுக்கும் செல்லட்டும். யார் எந்த ஆண்டு எங்கே பிறந்தார், யார் தந்தை எந்த மனுக் கொடுத்தார் என்று வீடுவீடாகக் கேட்டுத் தாள்களைத் திரட்டட்டும். 1987 சூலைக்கு முன் இங்கு பிறந்த ஒருவர்கூட விடுபடலாகாது. சட்டத்தால் கதவடைக்கப்பட்டவர்களுக்காகச் சட்டத்தையே திருத்துமாறு நாடாளுமன்றத்தில் நாம் போராடுவோம்.

பாட்டன் பிறந்த மண்ணில் பேரன் கேட்பது ஒருவேளைச் சோறல்ல. ஓர் ஓட்டுச் சீட்டு. சோற்றைக் கருணையால் போடலாம். ஓட்டை உரிமையால்தான் போட முடியும்!