லிங்க் அனுப்புவது வங்கி, பழி வாடிக்கையாளர் தலையிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இணைய மோசடி பற்றிய செய்தி வராத நாளில்லை என்றாகிவிட்டது. செய்தியின் வாலில் தவறாமல் அறிவுரையும் வருகிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், பேராசைப்படாதீர்கள். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் பணத்தைப் பறிகொடுத்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கமாக அது மாறிவிட்டது. அதைக் கண்டிக்கவே இந்தக் கடிதம்.

2024-ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடிகளில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சகம் கணக்குச் சொன்னது. முந்தைய ஆண்டில் அது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. அதற்குள் இந்த நாட்டு மக்கள் மூன்று மடங்கு ஏமாளிகளாகிவிட்டார்களா என்ன?

மின்கட்டண மோசடியையே எடுத்துக்கொள்ளலாம். இன்றிரவு ஒன்பதரை மணிக்கு மின்இணைப்பு துண்டிக்கப்படும், போன மாத பில் கணக்கில் ஏறவில்லை, உடனே இந்த அதிகாரியை அழைக்கவும் என்ற குறுஞ்செய்தி 2022-இல் தமிழ்நாட்டில் வீடு வீடாக வந்தது. மின்வாரியமும் காவல்துறையும் அப்போதே எச்சரித்தன. பில்லை ஒழுங்காகக் கட்டியவரைத்தான் இந்தச் செய்தி அதிகம் பதற வைக்கும். கட்டிய பணம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றும் அல்லவா? அழைத்தால் எதிர்முனையில் மரியாதையான குரல். "சிஸ்டத்துல அப்டேட் ஆகலை சார், ஒரு ஆப் சொல்றேன், இறக்குங்க, நானே சரிபண்ணித் தரேன், பத்து ரூபா மட்டும் கட்டிப் பாருங்க" என்கிற ரீதியில் பேச்சு போகும்.

அந்த ஆப் எனிடெஸ்க், டீம்வியூவர் குயிக்சப்போர்ட் போன்ற ஏதாவது ஒன்றாக இருக்கும். இவை திருட்டு ஆப்கள் அல்ல. கம்ப்யூட்டர் பழுதை வேறு ஊரிலிருந்தே பார்த்துச் சரிசெய்கிறவர்கள் தினமும் பயன்படுத்துபவைதான். ஆப்பில் தெரியும் எண்ணைச் சொல்லி, கேட்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், நம் போன் திரை அப்படியே அவர்கள் கண்முன் விரியும். பீரோவைத் திறக்கும்போது தோளுக்குப் பின்னால் ஒருவன் நின்று பார்ப்பதுபோல, அந்தப் பத்து ரூபாயைக் கட்ட நாம் தட்டும் கார்டு எண், பாஸ்வேர்டு, வந்து விழும் ஓடிபி எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொண்டிருப்பான். எனிடெஸ்க் பெயரைக் குறிப்பிட்டே ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. கவனியுங்கள், எச்சரிக்கை போனது வங்கிகளுக்கு.

ஓடிபியை வாடிக்கையாளரே கொடுத்தார் என்ற வங்கிகளின் வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. பணம் போனவர் ஓடிபியை வாய்திறந்து யாரிடமும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் போக்குவரத்து அபராத ரசீது என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ வரும் ஏபிகே கோப்புகளின் கதையும் இதேதான். தொட்டு நிறுவிவிட்டால், குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு, வருகிற ஓடிபியை எல்லாம் சத்தமில்லாமல் வேறு எண்ணுக்குத் தள்ளிவிடும். ஆனால் வங்கியின் பதிவேட்டில் சரியான ஓடிபி, சரியான பாஸ்வேர்டு. ஆகவே "நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள், உங்கள் கவனக்குறைவு" என்று பதில் வருகிறது.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை வாடிக்கையாளருக்கு நல்ல பாதுகாப்பும் தருகிறது. தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் இடையில் எங்கோ நடந்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையதே. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்தால், வங்கியிடம் புகார் தரும்வரை ஏற்பட்ட நஷ்டம் முழுதும் அவருடையது. முதலில் சொன்ன பாதுகாப்பைக் கிளைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கவனக்குறைவு என்ற கடைசிச் சொல் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

சரி, கவனக்குறைவு என்கிறார்களே, அந்தக் கவனத்தை மழுங்கடிப்பவர் யார்? லிங்க்கைத் தொடாதே என்று காலையில் குறுஞ்செய்தி அனுப்பும் அதே வங்கி, கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா, இதைத் தொடுங்கள் என்று மாலையில் சுருக்கிய லிங்க் அனுப்புகிறது. சாதாரண கைப்பேசி எண்ணிலிருந்து அழைத்துப் பிறந்த தேதியைக் கேட்கும் வங்கி ஊழியரும் உண்டு. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் எட்டை அழுத்து, ஒன்பதை அழுத்து என்று சுற்ற வைத்து, கடைசியில் இணைப்பே துண்டிக்கப்படும். வெறுத்துப்போய் கூகுளில் எண்ணைத் தேடுகிறார் மனிதர். அங்கே மோசடிக்காரர் போட்டுவைத்த போலி எண் அவருக்காகக் காத்திருக்கிறது. முதல் மணியிலேயே எடுத்துப் பேசுவதும் அவர்கள்தான்!

சிங்கப்பூரில் இதே சிக்கல் வந்தபோது என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் கிளம்பின. வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையிலேயே அவையும் வந்து உட்கார்ந்ததால் படித்தவர்களும் விழுந்தார்கள். சுமார் 790 பேர் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். வங்கி அத்தனை பேருக்கும் முழுத் தொகையைத் திருப்பித் தந்தது. அடுத்த மாதமே அந்நாட்டின் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன. சாதாரண வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தொட்டால் திறக்கும் லிங்க்கே இருக்கக்கூடாது. பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் தரும் வங்கி டோக்கனைப் புதிய போனில் செயல்படுத்தினால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மக்களுக்கு வகுப்பெடுப்பதோடு நிற்காமல் வங்கியின் கையையும் கட்டினார்கள். அதன்பின் லிங்க்கோடு வருவது வங்கிச் செய்தியாக இருக்க முடியாது என்று யாரும் கண்ணைமூடிக்கொண்டு சொல்லலாம்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தரவேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் நடப்பில் இருக்கிறது. மிக மோசமான அலட்சியம் என்றால் மட்டும் விலக்கு. இதில் நம்மவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தொகையில் பாதியை அனுப்பிய வங்கியும் மறுபாதியைப் பெற்றுக்கொண்ட வங்கியும் ஏற்க வேண்டும். திருட்டுப் பணம் வானத்திலா போய்ச் சேருகிறது? ஏதோ ஒரு வங்கி ஆதார், பான் எல்லாம் வாங்கித் திறந்துகொடுத்த கணக்கில்தான் விழுகிறது. சில ஆயிரம் கமிஷனுக்குக் கல்லூரி மாணவர்களின் கணக்குகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். சில நூறு ரூபாய்கூட நிலைக்காத கணக்கில் திடீரென லட்சம் லட்சமாக வந்து, அரை மணியில் பிரிந்து ஓடும்போது அந்த வங்கிக்கு ஒன்றும் தோன்றாதா?

நம் நாட்டில் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. வங்கிகளின் இணையதள முகவரி டாட் பேங்க் டாட் இன் என்றே முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. சேவை தொடர்பான அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே வரவேண்டும், விளம்பர அழைப்புகள் 140 வரிசையிலிருந்து வரவேண்டும் என்றும் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. இரண்டும் அருமையான ஏற்பாடுகள். ஆனால் உழவர் சந்தையில் காய் விற்பவரிடமும் ஓய்வூதியம் வாங்கும் பெரியவரிடமும் 1600 என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தமிழில் யார் சொன்னார்கள்?

கம்ப்யூட்டரில் வரும் பயமுறுத்தலையும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று திரை சிவந்து, வைரஸ் புகுந்துவிட்டது, மைக்ரோசாஃப்ட்டை இந்த எண்ணில் அழையுங்கள் என்று அலறும். உண்மையான மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் தொலைபேசி எண்ணே இருக்காது என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. பிரவுசரை மூடினால் போதும். மூட மறுத்தால் கம்ப்யூட்டரையே அணைத்துப் போடலாம். இப்படி வெளிநாட்டு முதியவர்களை மிரட்டிப் பணம் பறித்த கால்சென்டர்கள் நம் நாட்டிலேயே இயங்கின. 2023 அக்டோபரில் ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரில் சிபிஐ 76 இடங்களில் சோதனை போட்டது; அதற்கு அடிப்படையான வழக்குகளில் சில மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகாரில் பதிவானவை.

தெரியாமல் ஆப்பை இறக்கிவிட்டவர் முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும், பிறகு ஆப்பை நீக்க வேண்டும், வேறு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அதே வேகத்தில் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க இதுதான் வழி. வெட்கப்பட்டு மறுநாள் வரை மூடிவைத்தால் மீட்க மிச்சமிருக்காது.

கோரிக்கைகள் பெரியவை அல்ல. வங்கிகள் லிங்க் அனுப்புவதை ரிசர்வ் வங்கி தடைசெய்ய வேண்டும். கவனக்குறைவு என்ற சொல்லுக்கு வரையறை வேண்டும். திரையைத் திருடியவனின் குற்றம் அதற்குள் வரக்கூடாது. திருட்டுப் பணம் வந்து இறங்கிய வங்கியும் நஷ்டத்தில் பங்கேற்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மும்பையும் டெல்லியும் மனம்வைக்க வேண்டும். ஆனால் பாஸ்புக்கின் முதல் பக்கத்திலும் ஏடிஎம் கதவிலும் 1930, வங்கியின் உண்மையான சேவை எண், 1600 பற்றிய விளக்கம் மூன்றையும் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட யார் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒருங்கிணைக்கும் மாநில அளவிலான வங்கியாளர் குழு, தன் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்